மாடுகள் போன வீட்டில் கோழிகள்

கோர்பிவாரா, 4 அக்டோபர் 1970

அன்புள்ள ரெய்னோ,

உனக்கும் ஐலாவுக்கும் பிள்ளைகள் இருவருக்கும் இங்கிருந்து என் அன்பு. என் முழங்கால் போன வருடம் இருந்த மாதிரியே இருக்கிறது, மற்றபடி சுகம். நீங்கள் அங்கே சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வந்தது. ஹெல்சிங்கிப் பல் டாக்டர் வீட்டை விலைக்குப் பார்க்க வந்தது உண்மைதான். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். இருவரும் ஏரிக்கரையில் நின்று மூச்சை இழுத்து இழுத்து விட்டார்கள். தொழுவத்தை இடித்துவிட்டால் அங்கே கார் நிறுத்தலாம் என்று அவர் அவளிடம் சொன்னது என் காதில் விழுந்தது. நான் பக்கத்தில்தான் நின்றேன். கோழிகளும் அவர் காலடியில்தான் கிளறிக்கொண்டிருந்தன.

வீடு நம் இருவர் பேரிலும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போடாமல் அது போகாது. உன் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் ஒரு குளிர்காலம் கொடு என்றுதான் கேட்கிறேன்.

வயலைத் தரிசு போட்டு, மாடுகளை லாரியில் ஏற்றிவிட்ட பிறகு நான் இங்கே எதை வைத்துப் பிழைப்பேன் என்று கேட்டிருக்கிறாய். பதினான்கு கோழிகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. போன வாரம் பாதிரியார் வீட்டம்மா ஊலுவுக்குக் குடிபோகும்போது அவளுடைய நாலு வாத்துகளையும் ஆண் வாத்தையும் எனக்குக் கொடுத்துவிட்டாள். முட்டையை ஊர் ஊராக வரும் கடை வண்டி எடுத்துக்கொள்ளும். ஏரியில் மீன் இருக்கிறது. எனக்கு ஒருத்திக்கு அது போதும்.

வாத்துகளைப் பார்த்துவிட்டுக் கடை வண்டி ஓட்டும் தௌனோ சிரித்தான். "என்ன லெம்பி, ஏரியில சும்மா பறக்கிறத வீட்டுக்குள்ள வச்சு சோறு போடுறியா? அடுத்து என்ன, காட்டுல இருக்கிற கரடிக்கும் கொட்டில் கட்டுவியா?" என்றான். "கரடி முட்டை போட்டா கட்டுறேன்" என்றேன்.

மாடு இல்லாமல் கோழி நம் ஊர்க் குளிரைத் தாண்டாது என்று எழுதியிருக்கிறாய். ஊர் முழுக்க அதைத்தான் சொல்கிறது. ஆறு பசுக்களின் உடம்புச் சூட்டில்தான் நம் கோழிகள் இதுநாள்வரை பிழைத்தன என்பது எனக்கும் தெரியும். அவை பசுவின் முதுகில் ஏறித் தூங்கியதை நீ மறந்திருக்க மாட்டாய். பார்ப்போம்.

குளிருக்கு முன் பிள்ளைகளின் கால் அளவை அனுப்பு. காலுறை பின்னித் தருகிறேன்.

உன் அக்கா லெம்பி


கோதன்பர்க், 18 அக்டோபர் 1970

அன்புள்ள லெம்பி அக்கா,

இங்கே எல்லாரும் சௌக்கியம். உன் முழங்காலுக்குச் சூட்டு ஒத்தடம் கொடுக்கிறாயா? சின்னவன் ஸ்வீடிஷில் கனவு காண்கிறான், தூக்கத்தில் அந்த மொழியில்தான் உளறுகிறான். கப்பல் தளத்தில் வேலை குறைவில்லை. இரண்டு ஷிஃப்டும் ஓடுகிறது.

உன் கடிதத்தை நம் ஊர்ப் பக்கத்து ஆட்களிடம் சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். என்னோடு வெல்டிங் செய்யும் குவோப்பியோக்காரன் சொன்னான்: "உங்க அக்கா கோழிய சூடா வச்சுக்க ஒரே வழிதான் இருக்கு. பானையில போடச் சொல்லு." எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆனால் விளையாட்டை விடு. உனக்கு ஐம்பது வயதாகப் போகிறது. பனி விழுந்தால் பக்கத்து வீட்டுக்குப் போகவே உனக்குப் பனிச்சறுக்குக் கட்டை வேண்டும். விழுந்து காலை உடைத்துக்கொண்டால் யார் வந்து பார்ப்பார்கள்? கோழிகளா?

நீ கேட்டதைக் கொடுக்கிறேன். மே முதல் தேதி வரை. அன்றைக்கு உன்னிடம் உயிரோடு ஒரு கோழிக் கூட்டம் இருந்தால் பல் டாக்டருக்கு நானே இல்லை என்று எழுதிவிடுகிறேன். கூட்டம் என்றால் கூட்டம். கூடைக்குள் ஒளித்து வைத்த ஒற்றைக் கிழக்கோழி கணக்கில் வராது. இல்லாவிட்டால் நீ கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே வந்துவிட வேண்டும். எங்கள் வீடு மூன்றாவது மாடி. குழாயைத் திறந்தால் வெந்நீர். உனக்கு ஒரு கட்டிலுக்கு இடம் இருக்கிறது.

கால் அளவை ஐலா காகிதத்தில் வரைந்திருக்கிறாள், உள்ளே இருக்கிறது.

தம்பி ரெய்னோ


கோர்பிவாரா, 15 நவம்பர் 1970

அன்புள்ள ரெய்னோ,

எல்லாரையும் நலம் விசாரித்தேன் என்று சொல். முழங்காலுக்கு ஒத்தடம் வேண்டாம், நடந்தால் சரியாகிறது. ஏரி உறைந்துவிட்டது, ஆனால் இன்னும் ஆளைத் தாங்காது.

மே முதல் தேதிக்குச் சம்மதம்.

தொழுவத்தில் வைத்துப் பார்த்தேன். மாடு இல்லாத தொழுவம் வெறும் பெரிய பெட்டி. காலையில் தண்ணீர் வாளி அடிவரை கட்டியாகிக் கிடந்தது. அதனால் எல்லாவற்றையும் சவுனாக் குளியல் குடிலின் முன்னறைக்கு மாற்றிவிட்டேன். நீ துணி மாற்றும் பெஞ்சு இப்போது கோழிகள் உட்காரும் கழி. அறை சின்னது, கூரை தாழ்வு, உள்கதவுக்கு அப்பால் சூட்டறை. சனிக்கிழமை நான் சவுனா போட்டால் அந்தச் சூடு செவ்வாய்வரை நிற்கும். இதைவிட நல்ல இடம் ஊரில் இல்லை.

சுவரில் ஒரு விரல் நுழையும் இடம்கூட இல்லாமல் பாசியை அடைத்துவிட்டேன். இரண்டு மூட்டை பாசி போயிற்று. கூரைக்குக் கீழே காற்றுத் துளைக்கு இருக்கும் காற்றுப் பலகையையும் மூடி, அதன் விளிம்புகளிலும் திணித்தேன். ஒரு மூலைக்கு மட்டும் பாசி போதவில்லை, பரவாயில்லை. அப்பா கட்டிய வீட்டைவிட இறுக்கமாக இருக்கிறது.

பக்கத்து வீட்டு ஹில்யா வந்து பார்த்தாள். கதவைத் திறந்தவுடன் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்டி, நீ இங்கயா குளிக்கப் போற?"

"உள்ள குளிப்பேன். இது முன்னறைதானே."

"அந்த ஆண் வாத்து உன்னையே பாக்குது பாரு. வெக்கமா இல்ல?"

"இருபது வருஷமா ஒரு ஆம்பளையும் பாக்கல. பாத்துட்டுப் போகட்டும்" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் கோழியெல்லாம் கழியை விட்டு இறங்கிவிட்டன.

தீனிக்கு வாற்கோதுமை இருக்கிறது, அவித்த உருளைக்கிழங்குத் தோல், மீன் தலை, கோடையில் காயவைத்த காஞ்சொறி. குளிர்காலம் வரட்டும்.

காலுறைகள் இந்த வாரத் தபாலில். பெரியவளுக்குச் சிவப்பு.

உன் அக்கா லெம்பி


கோதன்பர்க், 20 டிசம்பர் 1970

அன்புள்ள அக்கா,

உனக்கு எங்கள் எல்லாருடைய கிறிஸ்துமஸ் வாழ்த்து. உடம்பு எப்படி? காலுறை சரியாக இருக்கிறது. பெரியவள் வீட்டுக்குள்ளும் கழற்ற மாட்டேன் என்கிறாள்.

இங்கே பனி விழுந்து விழுந்து கரைகிறது. தெருவெல்லாம் சேறு. தளத்தில் ஒரு கப்பலுக்கான ஆணை ரத்தாகிவிட்டது என்று பேச்சு. பேச்சுதான். எழுத நேரமில்லை, ஷிஃப்ட்.

ஏரியில் இப்போது பனிக்கட்டி எவ்வளவு கனம்? துளை போட்டு மீன் பிடிக்கப் போனாயா? நம் துளைக் கோல் தொழுவத்து வாசலுக்கு மேலே செருகியிருந்தது, துருப்பிடித்திருந்தால் மண்ணெண்ணெய் தடவு.

கோழிகள் எப்படி?

ரெய்னோ


கோர்பிவாரா, 10 ஜனவரி 1971

அன்புள்ள ரெய்னோ,

புது வருடம் உங்கள் வீட்டுக்கு நல்லபடியாக வரட்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. துளைக் கோல் துருப்பிடிக்கவில்லை. பனிக்கட்டி என் முழங்கைவரை இருக்கிறது.

கோழிகளைப் பற்றிக் கேட்டாய். மூன்று செத்துவிட்டன. மற்ற பலவற்றின் கொண்டை நுனி கறுத்துவிட்டது. சேவலுக்குக் கொண்டையில் பாதி போய்விட்டது. இதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். வெளியே மைனஸ் முப்பதாக இருந்த நாட்களிலும் உள்ளே தண்ணீர் மேலாக மட்டுமே உறைந்தது. உள்ளே அவ்வளவு குளிர் இல்லை. பிறகு எப்படிக் கொண்டை உறைந்தது?

மூன்று நாள் அங்கேயே கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து பார்த்தேன். சுவர் ஈரம். கூரையில் அடித்த ஆணித் தலை ஒவ்வொன்றிலும் வெள்ளை ரோமம் மாதிரி உறைபனி. கோழிகளின் இறகு தொட்டால் பிசுபிசுத்தது. வாத்துகள் குடிப்பதைவிடச் சிந்துவதுதான் அதிகம், குடித்த கையோடு தலையை உதறுகின்றன, வைக்கோலெல்லாம் சொதசொத. சனிக்கிழமை நான் கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினால் அந்த ஆவி முழுவதும் கதவிடுக்கு வழியாக இந்தப் பக்கம்தான் வருகிறது. நான் சூடு என்று நினைத்துக் கொடுத்தது ஈரம். ஈரமான கொண்டைதான் உறைகிறது.

பாசி போதாத மூலை என்று எழுதியிருந்தேன் அல்லவா? அங்கே காற்று ஊசி மாதிரி வருகிறது. அந்த மூலையில் உட்காரும் நாலு கோழிகளின் கொண்டை மட்டும் கோடையில் இருந்த மாதிரியே சிவப்பாக இருக்கிறது. நல்ல சூடான இடம் என்று மற்றவை முண்டியடித்து உட்காரும் சூட்டறைச் சுவர்ப் பக்கம்தான் செத்தவை மூன்றும் இருந்தன.

அதனால் முடிவு செய்துவிட்டேன். நாளை பாசியைப் பிடுங்குகிறேன். காற்றுப் பலகையைத் திறந்தே வைக்கப் போகிறேன். வாத்துகளைத் தொழுவத்துக்குத் திருப்பி அனுப்புகிறேன், அவற்றுக்கு உறைவதற்குக் கொண்டையே இல்லை. வசந்தம்வரை நம் சவுனாவில் அடுப்பு மூட்டுவதில்லை.

உன் அக்கா லெம்பி


கோதன்பர்க், 17 ஜனவரி 1971

லெம்பி அக்கா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது, இன்றே எழுதுகிறேன். நீ நலமாக இருக்கிறாய் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் கடிதத்தைப் படித்தால் சந்தேகமாக இருக்கிறது.

மைனஸ் முப்பதில் கோழிக் கூண்டுக்கு ஜன்னலைத் திறக்கிறவளை நான் கேள்விப்பட்டதே இல்லை. ஒரே இரவில் எல்லாம் கட்டையாகிவிடும். குளிரில் உயிர்கள் சாகின்றன என்றால் கதவை மூடுவார்கள், திறக்க மாட்டார்கள். இதைப் பிறந்த குழந்தைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சவுனாவை நிறுத்துகிறாயாம். அம்மாவின் உடலைக் கழுவியது அங்கேதான். நீயும் நானும் பிறந்ததும் அங்கேதான். கோழிக்காகச் சவுனாவை அணைத்த முதல் ஆள் நம் வீட்டில் நீதான். ஐலா என்னைச் சத்தம் போடாமல் எழுது என்கிறாள், அதனால் நிறுத்துகிறேன்.

மே மாதம்வரை காத்திருக்கத் தேவையில்லை. மீதியைச் சமைத்துவிட்டு இப்போதே கிளம்பி வா. டிக்கெட் நான் அனுப்புகிறேன்.

ரெய்னோ


கோர்பிவாரா, 7 பிப்ரவரி 1971

அன்புள்ள ரெய்னோ,

உன் கோபம் உன்னைச் சூடாக வைத்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே எனக்கு நலம்.

பலகையைத் திறந்த முதல் இரவு நான் தூங்கவில்லை. வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. விடிந்ததும் போனேன். உள்ளே வெப்பமானியில் மைனஸ் ஒன்பது. பதினோரு கோழிகளும் இறகைப் பந்து மாதிரி உப்பிக்கொண்டு, கழியில் ஒன்றையொன்று ஒட்டி உட்கார்ந்திருந்தன. சேவல் என்னைப் பார்த்துத் திட்டியது. அதன்பின் ஒன்றுகூட இறக்கவில்லை. புதிதாக ஒரு கொண்டைகூடக் கறுக்கவில்லை. சுவர் காய்ந்துவிட்டது. ஆணிகளில் வெள்ளை ரோமம் இல்லை. வைக்கோலை அள்ளி வெளியே கொட்டாமல் மேலே மேலே போட்டுக்கொண்டே வருகிறேன், அடியில் கையை விட்டால் வெதுவெதுப்பு. ஒரு பெட்டி நிறைய அடுப்புச் சாம்பல் வைத்திருக்கிறேன், அதில் விழுந்து புரளுகின்றன.

வாத்துகளுக்குக் கன்றுக் கொட்டடியில் முழங்கால் உயரம் வைக்கோல். தண்ணீர் உள்ளே கிடையாது. மத்தியானம் வெளியே ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான நீர் ஊற்றினால் பனியில் வரிசையாக வந்து தலையை முக்கி எடுத்துவிட்டு, தாமாகவே திரும்பிப் போகின்றன. மைனஸ் இருபத்தைந்தில் இதைப் பார்க்கத் தௌனோ கடை வண்டியை நிறுத்தி, உள்ளே சாமான் வாங்கிக்கொண்டிருந்தவர்களையும் இறக்கிக் கூட்டி வந்தான். "டிக்கெட் போடலாம் லெம்பி, சர்க்கஸ் தோத்துடும்" என்றான்.

சனிக்கிழமை ஹில்யா வீட்டு சவுனாவுக்குப் போகிறேன். ஊர் பேசுகிறது. ஹில்யாவின் புருஷன் முகத்துக்கு நேராகவே கேட்டான்: "உன் சவுனாவுல யாரு குளிக்கிறா?" நான் சொன்னேன்: "அவங்க சாம்பல்ல குளிக்கிறாங்க. உங்களவிடச் சுத்தம்." ஹில்யா அவனுக்கு முதுகில் பிர்ச் மரக் கிளைக் கொத்தால் இரண்டு போட்டாள், குளிக்கும்போது போடுவதைவிடக் கொஞ்சம் பலமாகவே.

அம்மா இருந்திருந்தால் திட்டியிருப்பாள். நானும் பதில் சொல்லியிருப்பேன்.

நேற்று இந்த வருடத்தின் முதல் முட்டை. வெளிச்சம் திரும்பி வருகிறது. டிக்கெட் அனுப்ப வேண்டாம்.

உன் அக்கா லெம்பி


கோர்பிவாரா, 14 மார்ச் 1971

அன்புள்ள ரெய்னோ,

பிப்ரவரியில் எழுதியதற்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. கோபமா, உடம்பு சரியில்லையா? பிள்ளைகளுக்கு ஏதாவதா? எதுவானாலும் ஒரு வரி போடு. நான் நலம்.

உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று நடந்திருக்கிறது. வியாழக்கிழமை இரவு பனிக்கீரி புகுந்துவிட்டது, குளிர்கால வெள்ளைத் தோலோடு. காற்றுப் பலகை வழியாகத்தான் வந்தது. அந்தத் துளைக்கு நான் நம் மீன் வலையைத்தான் இரண்டாக மடித்து அடித்திருந்தேன். வீட்டில் வலைக்குப் பஞ்சமில்லை, அதனால் கம்பி வலை வாங்க வேண்டும் என்றே தோன்றவில்லை. மீன் வலையைக் கடித்து அறுக்காது, கீரி அறுக்கும் என்பதை யோசிக்காமல் விட்டேன்.

சேவல் வாசலில் கிடந்தது, கழுத்தில் கடி. அது சண்டை போட்டிருக்கிறது, தரையெல்லாம் இறகு. இன்னும் நாலு கோழிகள் போய்விட்டன. ஏழு மிச்சம். அவை மேல் கழியில் மூலையோடு மூலையாக ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் இறங்கவே இல்லை. தொழுவத்தில் வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

தௌனோ மறுநாள் கம்பி வலை கொண்டு வந்து தானே ஏணி போட்டு அடித்துக் கொடுத்தான். அவன் ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

பலகையை மூடிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மூடவில்லை.

பதில் எழுது.

லெம்பி


கோதன்பர்க், 28 மார்ச் 1971

அன்புள்ள லெம்பி அக்கா,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பி மனைவி ஐலா எழுதுகிறேன். நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

பிள்ளைகள் சுகமாக இருக்கிறார்கள், பயப்பட வேண்டாம். அவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஜனவரிக் கடைசியில் தளத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். கடைசியாகச் சேர்ந்த வெளிநாட்டுக்காரர்கள் முதலில் போனார்கள். அவரும் குவோப்பியோக்காரரும் ஒரே நாளில்.

பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாது என்று தினமும் காலையில் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ரயில் நிலையத்தில் நம் ஊர் ஆட்கள் உட்காரும் பெஞ்சு ஒன்று இருக்கிறது, அங்கே இருக்கிறார். ஒருநாள் நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூட வேலைக்குப் போகிற வழியில் பார்த்தேன். உங்கள் பிப்ரவரிக் கடிதத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். வாத்துகள் தலையை முக்குகிற இடத்தில் அந்த ஆண்களெல்லாம் சிரித்தார்கள். ஒரு கிழவர், "திரும்பப் படி, திரும்பப் படி" என்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டு, வேலைக்குப் போய்விட்டேன்.

கீரி வந்த கடிதத்தை அவர் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. சமையலறையில் என்னிடம் நீட்டினார். "அக்கா மீன் வலைய வச்சிருக்கு, பாரு. கம்பி வலை வாங்கத் தோணல அதுக்கு" என்றார். அப்புறம், "நான் இருந்திருந்தா கம்பி வலை எங்கன்னு கேட்டிருப்பேன்" என்றார்.

பல் டாக்டர் பத்திரத்தை அனுப்பியிருக்கிறார். உங்கள் தம்பி கையெழுத்து இன்னும் அதில் இல்லை. அலமாரிக்கு மேலே இருக்கிறது. பிள்ளைகள் பந்து எறிந்து அதைத் தள்ளிவிடும்போதெல்லாம் எடுத்து மறுபடி மேலே வைக்கிறார்.

நான் உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. பதில் வரவில்லை என்று நீங்கள் கவலைப்படக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். எனக்குப் பதில் போட வேண்டாம்.

உங்கள் ஐலா


கோர்பிவாரா, 25 ஏப்ரல் 1971

அன்புள்ள ரெய்னோ,

நலம், உங்கள் நலத்தையும் விசாரிக்கிறேன். ஏரிப் பனி கரையோரம் கறுத்துவிட்டது. இனி அதன்மேல் நடக்க முடியாது.

மே முதல் தேதிக்கு ஒரு வாரம் இருக்கிறது. ஏழு கோழிகள், நாலு வாத்துகள், ஒரு ஆண் வாத்து உயிரோடு இருக்கின்றன. சேவல் இல்லை. சேவல் இல்லாதது கூட்டமா என்று நீ கேட்பாய். நானும் என்னை அதையே கேட்டுக்கொண்டு சில வாரம் சுற்றினேன். பிறகு ஒரு காலையில் வைக்கோல் அள்ளும்போது எனக்குத் தெரிந்துவிட்டது, அது கேட்கவே வேண்டாத கேள்வி. ஏழும் செத்து, கடைசி வாத்தும் போயிருந்தாலும் நான் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டேன். இலையுதிர் காலத்தில் வேறு கோழிகள் வாங்கியிருப்பேன். உன் நிபந்தனைக்கு நவம்பரில் சம்மதம் சொன்னேன். இப்போது அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். கோபப்படுவதானால் படு.

மற்ற செய்திகள். வாத்துகள் தினமும் முட்டை வைக்கின்றன, ஆனால் எங்கே நிற்கின்றனவோ அங்கே வைத்துவிட்டு நடந்துவிடுகின்றன. அடைகாக்கும் புத்தி அவற்றுக்கு இல்லை. கருங்கோழி ஒன்று அடையில் உட்காரத் துடிக்கிறது, இறங்க மறுக்கிறது. ஒன்பது வாத்து முட்டைகளை அதன் அடியில் வைக்கப் போகிறேன். ஹில்யாவுக்கு ஒரே சிரிப்பு. "குஞ்சு தண்ணிக்குள்ள ஓடும்போது அது கரையில நின்னு மாரடிச்சுக்கும் பாரு" என்கிறாள்.

தொழுவக் கூரையில் வடக்குப் பக்கம் பலகை போய்விட்டது. அதற்கு இரண்டு ஆண்கள் வேண்டும்.

தௌனோ ஒன்று சொன்னான். மரம் ஏற்றும் லாரிகளுக்கு வெல்டிங் வைக்க ஆள் கிடைக்காமல் பட்டறைக்காரர் இரண்டு ஊருக்கு அப்பால் ஆள் அனுப்பித் தேடுகிறாராம். ஸ்வீடனுக்குப் போனவர்கள்தான் அந்த வேலை தெரிந்தவர்கள், இங்கே யாரும் மிச்சமில்லை என்றான். உனக்கு யாரையாவது தெரிந்தால் சொல்.

பள்ளியில் அடுத்த வருடம் பிள்ளைகள் குறைந்தால் மூடிவிடுவார்களாம். டீச்சர் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் அக்கா லெம்பி


கோதன்பர்க், 9 மே 1971

அன்புள்ள லெம்பி அக்கா,

நீ சுகமாக இருப்பாய். நாங்களும் சுகம்.

இவ்வளவு நாள் எழுதவில்லை. அதைப் பற்றி இப்போதும் எழுத வரவில்லை.

பத்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன், கையெழுத்து இல்லாமல். பல் டாக்டருக்கு நாலு வரி எழுதினேன். வீட்டில் ஆள் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை என்று. நீ நிபந்தனையை உடைத்ததால் அல்ல. சேவல் இல்லாவிட்டாலும் அது கூட்டம்தான் என்று ரயில் நிலையத்துப் பெஞ்சில் தீர்ப்பு ஆகிவிட்டது. பெஞ்சு எது என்று கேட்காதே. குவோப்பியோக்காரன் மட்டும் எதிர்த்தான், "சேவல் இல்லாட்டி அது விதவைகள் சங்கம்டா" என்றான், அவன் ஓட்டு செல்லவில்லை.

வெல்டிங் தெரிந்த ஆள் ஒருத்தனை எனக்குத் தெரியும். வேகமான ஆள் இல்லை. ஆனால் அவன் போட்ட ஒட்டு இதுவரை எந்தக் கப்பலிலும் ஒழுகியதில்லை. பட்டறைக்காரர் ஜூன் நடுவரை பொறுப்பாரா என்று தௌனோவிடம் கேட்டுச் சொல்.

பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்ததும் நால்வரும் வருகிறோம். ஹாப்பரண்டா வழியாக. எல்லையில் தெரிந்தவர் வீட்டில் சேவல் இருக்கிறதாம், கொண்டை சின்னது, குளிருக்கு ஏற்றது, வாங்கி வருகிறேன். திரும்பும் டிக்கெட்டைப் பற்றி ஐலா எழுதச் சொன்னாள். அதை நேரில் பேசிக்கொள்ளலாம்.

கூரைப் பலகைக்கு அளவு எடுத்து வை. என் பழைய அறை காலியாகத்தானே இருக்கிறது?

தம்பி ரெய்னோ


கோர்பிவாரா, 6 ஜூன் 1971

அன்புள்ள ரெய்னோ, ஐலா,

எல்லாரும் நலம் என்று இப்போது உண்மையாகவே நம்புகிறேன். இங்கே இரவிலும் வெளிச்சம், தூக்கம் குறைவு, அதனால் வேலை நடக்கிறது.

பட்டறைக்காரர் ஜூன் இருபதுவரை பொறுப்பார். அதற்குமேல் ஒருநாள்கூட முடியாது என்கிறார், தாமதிக்காதீர்கள். டீச்சரிடம் இரண்டு பேரைச் சொல்லிவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், விடவே இல்லை.

கூரைப் பலகை அறுத்து வைத்தாயிற்று. அளவு எடுத்து வை என்று எழுதினாய், அறுக்க நீ வரும்வரை காத்திருந்தால் மழை வந்துவிடும். சவுனா முன்னறையைச் சுண்ணாம்பு அடித்துக் கழுவிவிட்டேன், கோழிகள் வெளியே போய்விட்டன, நீங்கள் வந்த அன்றே அடுப்பு மூட்டலாம். இலையுதிர் காலத்தில் அவற்றுக்குத் தொழுவத்துக்குள் தனி அறை கட்ட வேண்டும், தாழ்வான கூரையும் மேலே திறந்த பலகையும் வைத்து. அதற்கு ஆணி இப்போதே சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.

சேவலைப் பெட்டியில் அடைக்காதே, கூடையில் வை, காற்று போகட்டும்.

உன் அறை காலியாக இல்லை. ஒன்பதில் எட்டு முட்டை பொரித்துவிட்டது, குளிர்காற்று அடித்ததால் குஞ்சுகளையும் கருங்கோழியையும் அங்கேதான் வைத்திருக்கிறேன், அடுப்புச் சுவர் அந்த ஓர் அறைக்குத்தான் இருக்கிறது. ஐலாவும் பிள்ளைகளும் கூடத்தில் படுத்துக்கொள்ளட்டும், சுத்தமான மெத்தை போட்டிருக்கிறேன். நீ தொழுவப் பரணில் வைக்கோல்மேல் படு. வாத்துக் குஞ்சுகளுக்கு இறகு முளைத்த பிறகு அறை உனக்கு.

உங்கள் லெம்பி